பழைய ஸ்பின்னிங் ரீல்: கைப்பிடி பின்னோக்கிச் சுற்றுகிறது, ரோட்டர் நட் கழல மறுக்கிறது

சூளூர்பேட்டைத் தூண்டில்:
வணக்கம். பழவேற்காட்டு ஏரிக்கு ஆந்திரக் கரையில் இருக்கிறேன். பழைய சாமான் கடையில் உலோக உடல் கொண்ட ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) ஒன்று மலிவாகக் கிடைத்தது. கொடுவா மீன் இழுக்கும்போது கைப்பிடி திடீரென்று அரைச் சுற்று பின்னால் போய் விரல் முட்டியில் அடிக்கிறது. சில நேரம் ஒழுங்காக நிற்கிறது, பிறகு பழைய கதைதான். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றினால் உள்ளே எங்கும் மஞ்சள் கிரீஸ் அப்பிக் கிடக்கிறது, விற்றவரின் கைவண்ணம். ஸ்பூலைச் சுற்றி ஓடி நரம்பைச் சுற்றும் ரோட்டரை எடுக்கலாம் என்றால் நடு நட் அசைய மறுக்கிறது. ஸ்பானர் வழுக்கி ஒரு முனை மழுங்கிவிட்டது. சுத்தியலை எடுக்கலாமா?

பட்டறை அண்ணன்:
சுத்தியலைத் தொடாதீர்கள் தம்பி. பல ரீல்களில் அந்த நட் இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நீங்கள் இதுவரை இறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். முதலில் நட்டைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டுத் தகடோ திருகோ இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணைப் போட்டு வரைபடத்தைத் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது. உப்புப் பூத்து இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். தீ காட்ட வேண்டாம்.

கைப்பிடி பின்னால் போவதற்குக் காரணம் அநேகமாக அந்தக் கிரீஸ்தான். ரோட்டருக்கு அடியில் ஒருவழி பேரிங் இருக்கும். அதிலுள்ள உருளைகள் சரிவான பள்ளத்தில் குறுகிய பக்கம் நகர்ந்து சிக்கிக்கொள்வதால்தான் கைப்பிடி பின்னால் போகாமல் நிற்கிறது. கெட்டி கிரீஸில் உருளை மிதந்தால் எப்படிச் சிக்கும்? உருளைகளைப் பிரிக்காதீர்கள், நூலிழை போன்ற ஸ்பிரிங்குகள் தெறித்துவிடும். கூட்டோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுங்கள். கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும். நன்றாக உலர்ந்த பின் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. கிரீஸ் பற்சக்கரங்களுக்கு மட்டும்.

கழிமுகம்:
இவ்வளவு பாடு எதற்கு, புதுப் பேரிங் போட்டுவிடலாமே?

பட்டறை அண்ணன்:
பழைய மாடலுக்குப் பொருந்துவது கிடைத்தால் தாராளமாக. உருளை தேய்ந்திருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் விட்டுவிட்டு வழுக்குகிறது என்றால் முதலில் கழுவிப் பார்ப்பதுதான் முறை.

சூளூர்பேட்டைத் தூண்டில்:
இடது மரையேதான்! வலப்பக்கம் திருப்பியதும் வந்துவிட்டது. பேரிங்கை அலசியதில் மஞ்சள் கிரீஸ் மொத்தமாக இறங்கியது. இப்போது கைப்பிடி நின்ற இடத்தில் நிற்கிறது. ஆனால் பெரிய பற்சக்கரத்தையும் கழற்றி மாட்டியதில் தகடு போன்ற இரண்டு மெல்லிய வாஷர்கள் கையில் மிஞ்சிவிட்டன. கைப்பிடியும் பக்கவாட்டில் ஆடுகிறது.

பட்டறை அண்ணன்:
அவை பெரிய பற்சக்கரத்தின் இருபுறமும் இடைவெளி நிரப்பும் வாஷர்கள். கிரீஸில் பேரிங்கோடு ஒட்டி வந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மூடிச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் நின்று, கரகரப்பில்லாமல் ஓடினால் அதுதான் இடம். இறுகினாலோ அரைத்தாலோ ஒன்றைப் பக்கம் மாற்றுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே முட்டைத் தட்டில் அடுக்கிவிடுங்கள்.

ஏரியிலிருந்து வந்ததும் டிராக் குமிழை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்துவது) இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். உலர்ந்ததும் குமிழைத் தளர்த்திவிடுங்கள், டிராக்கின் உள்ளிருக்கும் வாஷர்கள் அமுங்கிக் கிடக்கக் கூடாது. கோடையில் ஏரியில் உப்பு ஏறும், அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.