ருபீடியம் கடிகாரம்: விளக்கு எரிகிறது, லாக் வரவில்லை (அவசரம்)

ராயபுரம்_சோதனை: பழைய ருபீடியம் அணுக் கடிகாரம் ஒன்று வாங்கினேன். லாக் ஆகும்போது (அதன் அதிர்வெண் ருபீடியம் அணுக்களின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொள்ளும்போது) உள்ளே ஒளி மங்குமாமே, அதைப் பார்க்க மூடியைக் கழற்றி விளக்கின் அருகே ஒரு போட்டோடையோடை (ஒளியுணரியை) வைத்திருக்கிறேன். இளம் ஊதா ஒளி தெரிகிறது. ஆனால் லாக் வரவே இல்லை. இணைப்பெல்லாம் சரி. நாளை அக்கா மகனுக்குக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.

வியாசை_மின்னன்: எத்தனை வோல்ட் கேட்கும் வகை? எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மூடியோடு லாக் வந்ததா?

தண்டையார்பேட்டை_மின்மாற்றி: பழைய மடிக்கணினி அடாப்டரின் 19 வோல்ட்டைக் கொடுத்திருப்பார். சூடேறும்வரை இது நிறைய மின்னோட்டம் இழுக்கும். வேறு காரணமே இல்லை.

காசிமேடு_வாசி: உப்புக்காற்று. என் வீட்டில் மூன்று ரேடியோக்கள் அதனால்தான் போயின.

மூத்த_பரிசோதகர்: தம்பி, படித்துவிட்டுத் திருப்புளியைத் தொட்டிருக்கலாம். விளக்கின் அருகே வைத்தால் மங்கல் எப்படித் தெரியும்? ஒளி ருபீடியம் ஆவிக் குமிழைக் கடந்து வந்த பிறகுதான் மங்கும். கடிகாரம் குமிழுக்குள் செலுத்தும் நுண்ணலை 6.8347 கிகாஹெர்ட்ஸைத் தொடும்போது அணுக்கள் மறுபடி ஒளியை விழுங்கும். அதுவும் நூற்றில் ஒரு பங்குகூட இராது. வேலை செய்யும் 780, 795 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது. நீங்கள் ரசிக்கும் ஊதா வெறும் அலங்காரம்.

பெரம்பூர்_நிறமாலை: கண்ணுக்கே தெரியாதா? 1861இல் ருபீடியத்தைக் கண்டறிந்த புன்சனும் கிர்க்காஃபும் கண்ணால் பார்த்த கருஞ்சிவப்புக் கோடுகள் அவைதானே ஐயா? ருபீடியம் என்ற பெயரே அதனால் வந்தது.

மூத்த_பரிசோதகர்: அவர்களிடம் முப்பட்டகம் இருந்தது. இவரிடம் இருப்பது அவசரம்.

பெரம்பூர்_நிறமாலை: மற்ற நிறங்களின் வெளிச்சத்தில் அமுங்கிப்போவது வேறு, தெரியாது என்பது வேறு.

வியாசை_மின்னன்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ராயபுரம் தம்பி, இருக்கிறீர்களா?

ராயபுரம்_சோதனை: 24 வோல்ட் வகை, 24தான் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. மூடியோடு லாக் வந்தது. குழல்விளக்கை அணைத்துவிட்டேன். புழுக்கம் தாங்கவில்லை, மேசை விசிறி மட்டும் ஓடுகிறது.

வியாசை_மின்னன்: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! விசிறி எதன்மேல் வீசுகிறது? அடித்தட்டு குளிர்ந்தால் பரவாயில்லை. விளக்கும் ஆவிக் குமிழும் சூடாகவே இருக்க வேண்டும், மூடியும் இல்லாமல் காற்றும் பட்டால் அவற்றின் சூடு நிலைக்காது. விசிறியைத் திருப்புங்கள். உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்.

தண்டையார்பேட்டை_மின்மாற்றி: எதற்கும் அந்த 24ஐ மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காசிமேடு_வாசி: விசிறி வீசுவதும் உப்புக்காற்றைத்தான்.

ராயபுரம்_சோதனை: விசிறியை என் பக்கம் திருப்பினேன். ஆறு நிமிடத்தில் லாக் வந்தது. மங்கல் தெரியவில்லை. நன்றி.

பெரம்பூர்_நிறமாலை: அறை இருட்டாகத்தானே இருக்கிறது? ஊதாவைத் தடுக்க ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் வைத்துப் பாருங்கள். கருஞ்சிவப்பு தெரிகிறதா?

பெரம்பூர்_நிறமாலை: தம்பி?