அல்சைமருக்கு அரசுப் பணம்: ஆய்வகத்துக்கா, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கா?

வானம்பாடி:

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அல்சைமர் நோய்க்கென்று அரசு ஒதுக்குகிற பணத்தில் பாதியாவது, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் டிமென்ஷியாவால், அதாவது அல்சைமரையும் சேர்த்து நினைவும் சிந்தனையும் தேய்கிற நோய்களால், உலகம் முழுக்க ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, யாரும் சம்பளம் கொடுக்காத உழைப்பின் மதிப்பு. மனைவி, மகள், மருமகள், கணவர், மகன் என்று குடும்பத்தில் யாரோ ஒருவர் சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் இதற்குக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. பாதிச் சுமையைத் தூக்குகிறவர்களுக்குப் பணத்திலும் பாதி கேட்பது அதிகமா?

நுண்ணோக்கி:

அதிகம்தான் அக்கா. நான் நரம்பணு ஆய்வகத்தில் வேலை செய்கிறவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உலகத்தில் 5.5 கோடிப் பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். இந்த வேகத்துக்கு ஈடாக எந்த அரசாலும் பராமரிப்பு ஆட்களைத் தயார் செய்ய முடியாது. வருகிற எண்ணிக்கையைக் குறைத்தால்தான் வீட்டில் இருப்பவருக்கு நிலையான விடுதலை. 1981இல் எய்ட்ஸ் முதன்முதலாகப் பதிவானது, 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்துவிட்டது. நடுவில் பொதுப் பணம் பெருமளவு இறங்கியதால் நடந்தது அது.

அல்சைமரில் மூளையில் அமிலாய்டு புரதம் படிய ஆரம்பிப்பது, மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே. இதை இப்போது ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பல பத்தாண்டு அடிப்படை ஆய்வு இல்லாமல் இது வந்திருக்காது. இந்த நேரத்தில் பணத்தைப் பாதியாகப் பிரிப்பது, கதவு திறக்கிற நேரத்தில் சாவியைப் பிடுங்குவது மாதிரி.

கணக்காயர்:

இரண்டு பேரோடும் நான் உடன்படவில்லை. இரண்டுக்குமே கூடுதல் பணம் வேண்டாம் என்பதுதான் என் தரப்பு.

முதலில் ஆய்வு. அமெரிக்காவில் 2011இல் தேசிய அல்சைமர் திட்டச் சட்டம் வந்தது. அப்போது அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்குச் செலவழித்தது ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கும் குறைவு. இப்போது 350 கோடியைத் தாண்டிவிட்டது. கிடைத்தது என்ன? அமிலாய்டை நீக்குகிற அடுகானுமாப் என்ற மருந்து 2021 ஜூனில் வந்தது. நிபுணர் குழு வேண்டாம் என்று சொல்லியும் அனுமதி கொடுத்தார்கள், குழுவில் மூன்று பேர் பதவி விலகினார்கள். 2024இல் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது. அடுத்தது அதே வகையைச் சேர்ந்த லெக்கனமாப். 18 மாதச் சோதனையில், நோயின் தீவிரத்தை அளக்கிற 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. இதைத்தான் "27 சதவீதம் மெதுவாகிறது" என்று செய்தியாக்கினார்கள். அமிலாய்டு ஆய்வுகள் வருடக்கணக்கில் மேற்கோள் காட்டிய 2006ஆம் ஆண்டு நேச்சர் அறிவியல் இதழ்க் கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

அடுத்து பராமரிப்பு. குடும்பம் பாசத்தால் செய்கிற வேலைக்கு அரசு விலை வைக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்? பக்கவாதம் வந்தவரை, பிறவியிலேயே குறைபாடுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

வானம்பாடி:

கடைசிக் கேள்விக்கு என் பதில்: அவர்களுக்கும் கொடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பது எங்களுக்கு மறுக்கக் காரணம் ஆகாது.

பாசத்தால் செய்கிறோம் என்பது உண்மை. ஆனால் பாசம் தூக்கத்துக்கு மாற்று இல்லை. என் அம்மாவுக்கு இருட்ட ஆரம்பித்தால் நிலைகொள்ளாது. "என் வீட்டுக்குக் கூட்டிப் போ" என்பார், இருப்பதே அவர் வீட்டில்தான். இரவில் எழுந்து தாழ்ப்பாளைத் தேடுவார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார். நான் வேலையை விட்டேன். மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் அம்மாவின் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள், மாத்திரை எழுதினார்கள். நீ தூங்குகிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பராமரிப்பு உதவி என்றால் ஆறுதல் வார்த்தை என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மேன் குழுவினர் 406 பேரிடம் சோதித்தார்கள், எல்லாரும் நோயாளியின் கணவர் அல்லது மனைவி. ஒரு பாதிப் பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடும் சேர்த்து ஆறு ஆலோசனை அமர்வுகள், ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் போனில் கூப்பிட ஒரு ஆள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. உதவி கிடைத்தவர்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது இடைநிலைக் கணக்கில் 557 நாள் தள்ளிப்போனது. 2006இல் வந்த முடிவு. ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

நுண்ணோக்கி:

அந்தச் சோதனையே அமெரிக்காவின் பொது ஆய்வு நிதியில் நடந்ததுதான் அக்கா! பராமரிப்பை எப்படிச் செய்தால் பலன் என்று கண்டுபிடிப்பதும் ஆய்வுதான். ஆய்வகம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று நீங்கள் கோடு போட்டது இங்கேயே உடைகிறது.

இன்னொன்று, அது ஒரே நகரப் பகுதியில், கணவன் மனைவியரிடம் மட்டும் நடந்தது. வேலைக்கும் போய்க்கொண்டு அப்பாவையும் பார்த்துக்கொள்கிற மகளுக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்காயர் சாருக்கு: 0.45 புள்ளி சிறியது, ஒத்துக்கொள்கிறேன். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் அந்த மருந்து எடுப்பவர்களுக்கு அடிக்கடி எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நோயின் போக்கையே தொட முடியும் என்று சோதனையில் தெரிந்தது இந்த மருந்துகளில்தான். அதற்கு முன் டொனெபெசில் போன்ற பழைய மருந்துகள் அறிகுறியைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தன, அவ்வளவுதான்.

வெண்தாமரை:

நான் செவிலியர். டிமென்ஷியா வார்டில் வேலை பார்க்கிறேன். நடைமுறையில என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

பகல்நேர மையம், ஓய்வு கொடுக்கிற மையம்னு இருக்கிற இடங்கள்லயும், கத்துறவங்களையும் எழுந்து வெளியே போயிடுறவங்களையும் சேர்க்க மாட்டேங்குறாங்க. அவங்களை வச்சிருக்கிற குடும்பத்துக்குத்தான் ஓய்வு முதல்ல வேணும். மையம் பத்து மணிக்குத் திறக்கும், மகளுக்கு வேலை ஒன்பதுக்கு. உதவித்தொகைக்கு நீளமான படிவம். மூணு நாளா தூங்காத ஒருத்தர் அதை எப்படி நிரப்புவார்?

உதவி இல்லாத இடத்துல என்ன நடக்குது தெரியுமா? மாத்திரை நடக்குது. "ராத்திரி சமாளிக்க முடியல டாக்டர்"னு அழுவாங்க, மனநோய்க்கான மருந்தை எழுதுவாங்க. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுதுன்னு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005லயே கடுமையான எச்சரிக்கை போட்டாச்சு. ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்கப் பணமில்லாததால அந்த ஆபத்தை நோயாளி தலையில ஏத்துறோம். கணக்காயர் சார், பராமரிப்புக்குச் செலவு பண்ணலைன்னா பணம் மிச்சமாகுதுன்னு நினைக்காதீங்க. அது வேற ரசீதுல வரும்.

இதுக்குப் பெரிய நிபுணர் பட்டாளமும் வேண்டாம். இங்கிலாந்துல ஸ்டார்ட்னு ஒரு திட்டம், 260 பராமரிப்பாளர்கள்கிட்ட சோதிச்சாங்க. எட்டே அமர்வு. நடத்தினது பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்த உளவியல் பட்டதாரிகள். பார்த்துக்கிறவங்களோட மனச்சோர்வு குறைஞ்சது.

கணக்காயர்:

வெண்தாமரை சொன்ன மருந்து விஷயம் கனமானது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "பராமரிப்புக்குப் பணம்" என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. பணமாகவா, ஆளாகவா?

ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தது, குடும்பத்துக்குப் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். 2017இல் தகுதி விதிகளை மாற்றி டிமென்ஷியா நோயாளிகளையும் சரியாக உள்ளே கொண்டுவந்தார்கள். 1995இல் ஊதியத்தில் 1 சதவீதமாகத் தொடங்கிய சந்தா, 2025இல் 3.6 சதவீதம். யார் கட்டுகிறார்கள்? பெரும்பாலும் சம்பாதிக்கிறவர்கள். ஜப்பான் 2000இல் ஆரம்பித்தபோது குடும்பத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம், சேவையாக மட்டும் கொடுப்போம் என்று முடிவெடுத்தது. பணம் கொடுத்தால் மருமகளை அந்த வேலையிலேயே கட்டிப்போட்டதாகிவிடும் என்று அங்கே பெண்கள் அமைப்புகளே வாதாடின. வானம்பாடி, நீங்கள் எந்தப் பக்கம்?

தடுப்பைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை 14 காரணிகளைப் பட்டியலிட்டது: கல்வி இல்லாமை, காது கேளாமை, ரத்த அழுத்தம், புகை, நீரிழிவு, தனிமை, இன்னும் சில. எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. ஒரே ஊர் மக்களைத் தலைமுறைகளாகத் தொடர்ந்து பார்க்கிற அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக்கு 20 சதவீதம் என்ற அளவில் புதிய டிமென்ஷியா விகிதம் குறைந்திருக்கிறது. அல்சைமருக்கென்று எந்த நல்ல மருந்தும் இல்லாமலேயே! பள்ளிக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் போகிற பணம்தான் உண்மையான அல்சைமர் நிதி.

வானம்பாடி:

நான் ஜப்பான் பக்கம். எனக்குப் பணத்தைவிட நேரம் வேண்டும். வாரத்தில் சில மணி நேரம், அம்மாவைத் தெரிந்த ஒரு ஆள், அம்மா கத்தினாலும் போகாத ஆள். ஆனால் அப்படி ஆட்களே கிடைக்காத இடங்களில் பணமாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் இல்லாமல் போகும். அமெரிக்காவில் 2024 ஜூலையில் தொடங்கிய கைட் என்ற எட்டாண்டுத் திட்டத்தில், நோயாளியின் நிலைக்கேற்ப, குடும்பம் ஓய்வெடுக்க ஆண்டுக்கு 2,500 டாலர் வரை மாற்றுப் பராமரிப்புக்குத் தருகிறார்கள். குறைவுதான். ஆனால் பார்த்துக்கொள்கிறவரையும் சிகிச்சைத் திட்டத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள்.

தடுப்பு நல்லது. 45 சதவீதம் என்பது எல்லாக் காரணியையும் முழுக்க ஒழித்தால் வரும் கணக்கு, அதையும் சொல்லுங்கள். மிச்சம் 55 சதவீதம்? ஏற்கெனவே நோய் வந்த 5.5 கோடிப் பேர்?

நுண்ணோக்கி:

தடுப்பு என்கிறீர்களே சார், அதுவும் ஆய்வில்லாமல் வராது. வேல்ஸில் 2013இல் அக்கி நோய்த் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்குத் தகுதி இல்லை என்று விதி. அந்த ஒரு தேதியின் இரு பக்கமும் பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் டிமென்ஷியா சுமார் 20 சதவீதம் குறைவு என்று 2025இல் முடிவு வந்தது. பொது மருத்துவப் பதிவேடு இருந்ததால் கிடைத்த முடிவு. பழைய தடுப்பூசியையும் காது கேட்கும் கருவியையும் வைத்துப் பெரிய சோதனை நடத்த மருந்து நிறுவனங்களுக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. அரசுதான் செய்ய வேண்டும்.

கொலம்பியாவில் ஒரு பெருங்குடும்பத்தில் மரபணு மாற்றத்தால் 40களின் நடுவிலேயே நினைவு தடுமாறும். அதே மாற்றம் இருந்தும் ஒரு பெண்மணிக்கு 70 வயதுக்கு மேல்தான் மறதி வந்தது. மூளையில் அமிலாய்டு நிறைய, ஆனால் அல்சைமரில் நரம்பணுக்களுக்குள் முடிச்சாகிற டாவ் என்ற புரதம் குறைவு. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இன்னொரு மரபணு மாற்றத்தை 2019இல் வெளியிட்டார்கள். அது புதிய மருந்துக்கு வழி காட்டலாம். இதையெல்லாம் நிறுத்தவா சொல்கிறீர்கள்?

வெண்தாமரை:

நிறுத்தச் சொல்லலை தம்பி. ஆனா ஒண்ணு கவனிங்க. அல்சைமர் மருந்துச் சோதனையில நோயாளியை மட்டும் சேர்க்க மாட்டாங்க, கூடவே அவரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வரணும். நீங்க சொல்ற 18 புள்ளி அளவுகோல் எப்படி வருது? நோயாளிகிட்டயும் கூட வந்தவர்கிட்டயும் கேட்டு வருது. வீட்டுல என்ன செய்றார், கடைக்குப் போய்ட்டுச் சரியா வர்றாரான்னு அவங்க சொல்றதுதான் புள்ளி. லெக்கனமாப் சோதனையில ஊசிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்ததும் அவங்கதான். அந்த ஆள் வேலையும் தூக்கமும் போய் விழுந்துட்டா உங்க சோதனையும் விழுந்துடும். தனியா வாழுறவங்க சோதனைக்குள்ள வர்றதே கஷ்டம். பார்த்துக்கிறவங்களுக்குக் கொடுக்கிற பணம் உங்க ஆய்வுக்கும்தான் போகுது.

நுண்ணோக்கி:

இது நியாயம். சோதனைக்கு வருகிறவருக்கு வழிச்செலவோடு ஊதிய இழப்பும் ஆய்வு நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று நானே கேட்பேன். ஆனால் பாதிக்குப் பாதி என்ற விகிதத்தை இன்னும் ஏற்கவில்லை. ஆய்வுத் தொகை ஒருமுறை வெட்டுப்பட்டால் பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு துறைக்குப் போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள்.

வானம்பாடி:

சோதனை 18 மாதத்தில் முடிகிறது. அம்மா இருக்கிறார். அதற்குப் பிறகு?

கணக்காயர்:

ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வருகிறேன். ஜெர்மனியில், வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு, வேறு சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியக் கணக்கில் காப்பீடே சந்தா கட்டுகிறது. வேலையை விட்டதால் வயதான காலத்தில் அவரும் கையேந்தக் கூடாது என்பதற்காக. இதை நான் ஆதரிப்பேன். மாதாமாதம் உதவித்தொகை என்றால் ஆதரிக்க மாட்டேன். மருந்துக்குக் கேட்கிற அதே அளவு ஆதாரத்தை ஒவ்வொரு பராமரிப்புத் திட்டத்துக்கும் கேட்பேன்.

வானம்பாடி:

ஆதாரம் கேளுங்கள், 557 நாள் முன்பே வைத்தேன். ஓய்வூதியச் சந்தாவையும் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அது எனக்கு வயதானபோது வரும். இன்று இரவு தாழ்ப்பாள் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அதற்கு உங்கள் கணக்கில் இடம் எங்கே என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.