டெட்ரொயிட் லயன்ஸின் 2023 பருவம்: நான்காவது முயற்சியில் துணிந்தது சரியா?

கொட்டகலையூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கே ரக்பியைப் பற்றி எழுதும் பலர் அமெரிக்கன் ஃபுட்போலையும் தொடர்ந்து பார்ப்பவர்கள் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். டெட்ரொயிட் நகருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையிலுள்ள வின்ட்சரில் வசிக்கும் என் சித்தப்பாவின் மூலமாகத்தான் லயன்ஸ் அணி எனக்குப் பழக்கமானது. 2024 ஜனவரி 28ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணிக்கு எதிராக அவர்கள் ஆடிய என்எஃப்சி (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிப் போட்டி, நமக்கு மறுநாள் திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பமானது. இடைவேளையில் லயன்ஸ் 24-7 என முன்னிலையில் இருந்தது. இன்னும் முப்பது நிமிட ஆட்டத்தைக் காப்பாற்றியிருந்தால் அணியின் வரலாற்றிலேயே முதல் தடவையாக சுப்பர் போல் என்னும் லீக்கின் மகா இறுதிப் போட்டிக்குச் சென்றிருக்கும். ஆனால் தோட்டத்தில் முதல் கொழுந்து நிறுப்பதற்கு முன்பே 34-31 என எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் இரு தடவைகள், ஃபீல்ட் கோல் அடித்து மூன்று புள்ளிகளை எடுக்கக்கூடிய தூரத்தில் இருந்தும், பயிற்றுநர் டான் கெம்பல் நான்காவது முயற்சியில் ஆடச் சொன்னார், இரண்டும் பலிக்கவில்லை. தோல்வி மூன்று புள்ளிகளால் என்பதால், அந்த மனிதர்தான் பருவத்தையே கைவிட்டார் என்று சித்தப்பா இன்றுவரை கோபத்துடன் சொல்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, எனினும் அவருக்கு எடுத்துச் சொல்லத்தக்க காரணம் என்னிடம் இல்லை. இத்தனை அருகில் வந்து கோட்டைவிட்ட ஒரு பருவத்தை வெற்றிகரமானது என்று சொல்ல முடியுமா என்பதும் என் கேள்வி.

நித்தவளை

தம்பி, புதிதாகப் பார்ப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் விதியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பத்து யார் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுப்பதோ, கம்பம் எட்டும் தூரமென்றால் மூன்று புள்ளிகளுக்கு உதைப்பதோதான் வழக்கம். அப்படி உதைக்காமல் ஆடிப் பார்த்துத் தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். பெனல்டி கிடைக்கும்போது கம்பத்தை நோக்கி உதைப்பதா, மூலைக்கு உதைத்து லைன்அவுட்டிலிருந்து ட்ரை தேடுவதா என்று கண்டியில் நாம் வாதிட்டுக்கொள்வதும் இதே கேள்வியைத்தான்.

கெம்பலின் முடிவை அந்த ஒரு போட்டியை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பருவத்தின் முதல் போட்டியில், நடப்புச் சம்பியனான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் சொந்த மைதானத்தில், புள்ளி எதுவும் பெறாத நிலையில், தன் அணியின் 17ஆவது யார் கோட்டிலேயே (தன் எல்லைக் கோட்டிலிருந்து 17 யார்) பந்தைத் தூர உதைப்பதுபோலப் பாவனை காட்டி ஓடச் செய்தவர் அவர். அது பலித்தது, அந்த நகர்வு டச்டவுனில் (ரக்பியின் ட்ரை போல, பந்துடன் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பது) முடிந்தது, போட்டி 21-20 என வெல்லப்பட்டது. நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்கு எதிராக 38-38 எனச் சமநிலையில் இருந்தபோது, இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரம் மீதமிருக்க, எதிரணியின் 26ஆவது யார் கோட்டில் நான்காவது முயற்சிக்கு இரண்டு யார்கள் தேவைப்பட்டன. உதைத்து முன்னிலை பெற எல்லா வாய்ப்பும் இருந்தும் அவர் ஆடச் சொன்னார். புதுமுக வீரர் சேம் லபோர்ட்டா பந்தைப் பிடித்தார். அதனால் எதிரணிக்கு நேரமே கொடுக்காமல் கடைசி நொடியில் உதைத்து 41-38 என வென்றார்கள்.

இப்போது ஜனவரியைப் பாருங்கள். 24-10 என முன்னிலையில், எதிரணியின் 28ஆவது யார் கோட்டில், அதே நான்காவது முயற்சி, அதே இரண்டு யார்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பெக் ஜாரெட் கொஃப் எறிந்த பந்து ஜோஷ் ரெனல்ட்ஸின் கைகளுக்கே வந்தது. பிடித்திருந்தால் முயற்சி வென்றிருக்கும். கைகளில் பட்டு நழுவியது. திட்டம் சரியாக வகுக்கப்பட்டு, ஆள் திறந்த இடத்தில் நின்று, பந்தும் வந்து சேர்ந்த பிறகு நேர்ந்த தவறை முடிவெடுத்தவரின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. அதற்கடுத்து நடந்ததையும் சித்தப்பாவுக்கு நினைவுபடுத்துங்கள். 49அர்ஸ் நெடுந்தூரம் எறிந்த பந்து லயன்ஸ் தடுப்பாளர் கின்டில் வில்டோரின் கைகளுக்குள் வந்து, அவருடைய தலைக்கவசத்தின் முகக் கம்பியில் பட்டு மேலெழும்பி, தரையைத் தொடுவதற்குள் பிரண்டன் ஐயுக்கிடம் போய்ச் சேர்ந்தது. 51 யார்கள்! அந்த நகர்வு டச்டவுனில் முடிந்தது. லயன்ஸ் மீண்டும் பந்தைப் பெற்ற முதல் ஆட்டத்திலேயே ஜஹ்மிர் கிப்ஸ் அதைத் தவறவிட, சற்று நேரத்தில் 24-24. இவற்றில் எதையும் கெம்பல் கட்டளையிடவில்லை.

பண்டாரவளை ஆசிரியர்

முதல் முடிவைப் பற்றி நித்தவளை நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது முடிவில் எனக்கு உடன்பாடில்லை. அப்போது நிலை 27-24, லயன்ஸ் பின்தங்கியிருந்தது, ஏழரை நிமிடங்கள் அளவில் மீதமிருந்தன, எதிரணியின் 30ஆவது யார் கோட்டில் மூன்று யார்கள் தேவைப்பட்டன. 48 யார் உதை சுலபமானதல்ல என்பதும், உதைப்பாளர் மைக்கல் பேட்ஜ்லி டிசம்பரில்தான் அந்த இடத்துக்கு வந்தவர் என்பதும் உண்மையே. ஆயினும் எதிரணி தொடர்ந்து 20 புள்ளிகளைச் சேர்த்து, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும் ஒரு வேளையில், போட்டியைச் சமநிலைக்குக் கொண்டுவருவது புள்ளிகளுக்கு அப்பாலும் பயன் தந்திருக்கும். தளர்ந்துபோன தடுப்பாட்டக்காரர்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும். துணிவு ஓர் அணியின் இயல்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே விடையைத் தருவதற்குப் பயிற்றுநர் ஒருவர் தேவையில்லை. இடைவேளைக்குச் சற்று முன், எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு மிக அருகில் நின்றும், கெம்பலே மூன்று புள்ளிகளை எடுத்துக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரதல்ல

பருவம் வெற்றியா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2008இல் 16 போட்டிகளில் 16ஐயும் தோற்ற அணி இது. கெம்பல் பொறுப்பேற்ற 2021இல் மூன்று வெற்றிகள், பதின்மூன்று தோல்விகள், ஒரு சமநிலை. 2022இல் முதல் ஏழு போட்டிகளில் ஒன்றில் மட்டுமே வென்றார்கள். பின்னர் ஒன்பது வெற்றிகள், எட்டுத் தோல்விகள் என முடித்தார்கள். அடுத்த ஆண்டு 12-5! 1993க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவுச் சம்பியன் பட்டம் கிடைத்தது.

அந்த நகரத்து மக்களுக்கு ஜனவரி 14ஆம் திகதி எத்தகைய நாள் என்பதைச் சொல்லாமல் இந்தப் பருவத்தைப் பேச முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் லயன்ஸின் குவாட்டர்பெக்காக உழைத்த மெத்தியூ ஸ்டஃபர்ட் 2021இல் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு மாற்றப்பட்டு, முதலாண்டிலேயே அங்கே சுப்பர் போல் வென்றார். பதிலுக்கு ராம்ஸ் அனுப்பிவைத்தவர்தான் கொஃப். அத்துடன் புதுமுக வீரர்களைத் தெரிவு செய்யும் சில எதிர்கால உரிமைகளும் கிடைத்தன. 2016இன் புதுமுகத் தெரிவில் முதலாவது ஆளாகத் தெரிவு செய்யப்பட்ட ஒருவரை, வேண்டாம் என்று சொல்லாத குறையாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த இருவரும் நொக்அவுட் சுற்றின் முதல் போட்டியில் டெட்ரொயிட் மைதானத்திலேயே நேருக்கு நேர் சந்தித்தார்கள். லயன்ஸ் 24-23 என வென்றது. 1992 ஜனவரிக்குப் பிறகு நொக்அவுட் சுற்றில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி அது. ஆட்டத்தை முடித்துவைத்த கடைசிப் பந்தைக் கொஃப் எறிய, அமன்-ரா சென்ட் பிரவுன் பிடித்தார். நாலாம் சுற்றில் தெரிவான அவர்தான் அந்தப் பருவத்தில் 119 பந்துகளைப் பிடித்து 1,515 யார்களைக் கடந்தவர். அரங்கம் கொஃப்பின் பெயரைச் சொல்லிச் சொல்லி முழங்கியது. ஒரு வாரம் கழித்து தம்பா பே அணியையும் 31-23 என வென்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் காத்திருந்தது இந்த இரு வாரங்களுக்காகத்தான். இதைத் தோல்வி என்று அழைக்க என்னால் முடியாது.

கொட்டகலையூரான்

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன வேறுபாடு, அதாவது முன்னிலையில் இருக்கும்போது துணிவதும் பின்தங்கியிருக்கும்போது துணிவதும் ஒன்றல்ல என்பது, எனக்குத் தெளிவாகப் புரிகிறது. கடைசி நிமிடத்தில் லயன்ஸ் மீண்டும் டச்டவுன் பெற்றும் ஏன் எதுவும் செய்ய முடியாமல் போனது என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

நித்தவளை

அதைக் கேட்டது நல்லது. கெம்பலைக் குறை சொல்ல வேண்டுமென்றால் நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். நான்காவது முயற்சிகளை அல்ல. 34-24 எனப் பின்தங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் மட்டுமே இருக்க, கோட்டிலிருந்து ஒரு யார் தூரத்தில் மூன்றாவது முயற்சி. கடிகாரத்தை நிறுத்தக்கூடிய மூன்று இடைநிறுத்தங்களும் கையில் பத்திரமாக இருந்தன. அங்கே பந்தை எறிந்து பிடிக்கத் தவறியிருந்தால் கடிகாரம் தானாகவே நின்றிருக்கும். ஓடச் சொன்னார்கள்; டேவிட் மொன்ட்கொமரி தடுக்கப்பட்டார்; கடிகாரம் ஓடியதால் ஓர் இடைநிறுத்தத்தைச் செலவிட நேர்ந்தது. அடுத்த முயற்சியில் ஜேமிசன் வில்லியம்ஸ் டச்டவுன் பிடித்தார், 34-31. ஆனால் மீதமிருந்தது 56 நொடிகள், இடைநிறுத்தங்கள் இரண்டு. மூன்றும் இருந்திருந்தால் பந்தைத் தூர உதைத்து, எதிரணியின் மூன்று முயற்சிகளையும் தடுத்து, கடிகாரத்தை நிறுத்தி, சில நொடிகளாவது மிச்சமிருக்கப் பந்தைத் திரும்பப் பெற முயன்றிருக்கலாம். இரண்டை வைத்துக்கொண்டு அது இயலாது. ஆகவே பந்தைக் குறுகலாக உதைத்துத் தாங்களே கைப்பற்றும் அரிதான வழியைத்தான் நம்ப வேண்டியதாயிற்று. அதை 49அர்ஸ் வீரர் ஜோர்ஜ் கிட்டில் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவிடம் அந்த மூன்றாவது முயற்சியை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.