ஹைப்ரிட் காரின் 27.97 மைலேஜ்: ஓஎம்ஆர் டிராஃபிக்கில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வேளச்சேரிவாசி:

வணக்கம். ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் வண்டியை ஓட்டும் வகை) எடுக்கலாமா என்று யோசனை. ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண்கள் கையில் இருக்கின்றன: கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டுக்கும் லிட்டருக்கு 27.97, சிட்டி ஹைப்ரிட்டுக்கு 27.13, ஹைகிராஸுக்கு 23.24.

என் ஓட்டம் இதுதான். தினமும் சென்னை வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாகச் சிறுசேரி, போக 25 கி.மீ., வர 25. பீக் அவர், வருஷம் முழுக்க ஏசி. மாதம் ஒருமுறை திருநெல்வேலி, ஒரு பக்கம் 620 கி.மீ. போல, நாலு பேர், டிக்கி நிறைய சாமான். சாதாரண பெட்ரோல் காருக்கு "சொன்னதில் 20 சதவீதம் கழி" என்பார்கள். ஹைப்ரிட்டுக்கும் அதே கணக்குத்தானா? எங்கே அதிகம் விழும், நகரத்திலா ஹைவேயிலா? வாங்கிய பிறகு உண்மையான மைலேஜை எப்படி அளப்பது?

உருளைமேல்_ஓட்டம்:

முதலில் அந்த 27.97 எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் ரோட்டில் நடப்பதில்லை. வண்டியை உருளைமேல் ஏற்றி, எம்ஐடிசி என்ற ஓட்ட அட்டவணைப்படி 1180 விநாடி ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் கைவிடப்பட்ட பழைய என்இடிசி அட்டவணையை இந்தியாவுக்காகத் திருத்தியது அது. மொத்தம் பத்தரை கி.மீ.க்குச் சற்று மேல். முதல் 780 விநாடி நகர ஓட்டம், உச்ச வேகம் 50. மிச்சம் 400 விநாடி, உச்ச வேகம் 90. ஐரோப்பிய அட்டவணையில் 120 வரை போகும், நம் ஊருக்கு அதை 90-இல் வெட்டிவிட்டார்கள். ஏசி கிடையாது. மேடு பள்ளம், எதிர்க்காற்று, குறுக்கே வரும் மாடு எதுவும் கிடையாது.

ஹைப்ரிட்டுக்கு இதைவிட நல்ல மைதானம் அமையாது. மெதுவாக வேகம் எடு, சீராகப் பிரேக் பிடி, கிட்டத்தட்ட கால்வாசி நேரம் சும்மா நில். நிற்கும்போது இன்ஜின் ஆஃப், பிரேக் பிடிக்கும்போது சார்ஜ், 40-இல் போகும்போது பேட்டரி. அதனால் பெட்ரோல் காரைவிட ஹைப்ரிட்டின் எண்தான் அதிகம் ஊதியிருக்கும். ஆகவே 20 சதவீதம் போதாது. உங்கள் ஓஎம்ஆர் ஓட்டத்துக்கு 28 முதல் 38 சதவீதம்வரை கழித்துப் பாருங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு முதலில் கலப்பு (நகரம், ஹைவே சேர்ந்த) மைலேஜ் 55 எம்பிஜி (கேலனுக்கு இத்தனை மைல்) என்று ஒட்டினார்கள், நம் கணக்கில் லிட்டருக்கு 23.4. அதிவேகம், வெயிலில் ஏசி, கடுங்குளிர் ஆகிய டெஸ்ட்களையும் 2008 மாடல் முதல் கணக்கில் சேர்த்ததும் அதே கார் 46-க்கு இறங்கியது, அதாவது 19.6. கார் மாறவில்லை, டெஸ்ட்தான் மாறியது.

உருளையின் எதிர்ப்பை எவ்வளவு வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைப்ரிட் 47 எம்பிஜி என்று வந்தது. அது அந்த வண்டியில் எடுத்த எண்ணே அல்ல. அதே இன்ஜின் கொண்ட ஃப்யூஷன் செடானின் எண். உயரமான பாடிக்குக் காற்றுத்தடை வேறு என்பதால் 2013-இல் 43 ஆனது. ரோடு எதிர்ப்பைக் கணக்கிட்டதில் பிழை என்று 2014-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு 40 ஆக்கியது.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்ன சதவீதம் சரிதான், ஆனால் சதவீதமாகப் பார்ப்பதே ஏமாற்றும். நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 27.97 என்றால் 3.6 லிட்டர். 20 என்றால் 5 லிட்டர். விழுந்தது 28 சதவீதம், கூடுதலாகக் குடித்தது 1.4 லிட்டர். அதே 1.4 லிட்டர் 12 தரும் வண்டியில் கூடினால் மைலேஜ் 10.3 ஆகும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கம்மியாகக் குடிக்கும் வண்டியில்தான் சின்ன செலவும் பெரிதாகத் தெரியும்.

அந்தச் சின்ன செலவில் முதலிடம் ஏசிக்கு. இந்த வண்டிகளில் கம்ப்ரெஸர் கரண்டில் ஓடுகிறது, கரண்ட் வருவதோ பெட்ரோலிலிருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோலை இன்ஜின், ஜெனரேட்டர், பேட்டரி வழியாகக் கரண்டாக்கினால் சுமார் 3 யூனிட் கிடைக்கும் (வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்). சென்னை வெயிலில் கேபின் குளிர்ந்த பிறகு ஏசி சராசரியாக 1 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால் மணிக்கு 0.33 லிட்டர். கவனியுங்கள், இது கி.மீ. கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

ஏசி இல்லாமல் 25 தரும் வண்டி, சராசரி 20 வேகத்தில் ஊர்கிறது. ஒரு மணியில் 20 கி.மீ., அதற்கு 0.8 லிட்டர், ஏசிக்கு 0.33. மொத்தம் 1.13, மைலேஜ் 17.7. சராசரி 10-க்கு இறங்கினால் 13.7. ஹைவேயில் 80-இல் 22 தரும் வண்டிக்கு அதே ஏசி போட்டால் 20.2 வரும், இழப்பு இரண்டுதான். எனவே "நகரத்தில் ஹைப்ரிட் மைலேஜ் கொட்டும்" என்பது நகரும் டிராஃபிக்குக்குப் பொருந்தும். நின்றே கிடக்கும் டிராஃபிக்குக்கு இல்லை.

ஹைவேயில் எதிரி காற்று. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் தடை 1.56 மடங்கு, 120-க்குப் போனால் 2.25 மடங்கு. ஒரே வேகத்தில் போகும்போது பிரேக் பிடிப்பதில்லை, எனவே திரும்ப எடுக்கவும் ஒன்றும் இல்லை. பேட்டரியும் மோட்டாரும் பெரும்பாலும் சுமைதான்.

உங்களுக்கு 27.97 வண்டியில் என் மதிப்பீடு: ஓஎம்ஆரில் 17 முதல் 20. திருநெல்வேலிக்கு 80–90-இல் போனால் 21 முதல் 23, 110-இல் மிதித்தால் 17–18. மாதக் கணக்கு போடும்போது இந்த எண்களை நேராகக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். 100 கி.மீ. 14-லும் 100 கி.மீ. 24-லும் ஓடினால் சராசரி 19 இல்லை, 17.7. லிட்டரைக் கூட்டிக் கி.மீ.யை வகுங்கள்.

விலை வித்தியாசம் திரும்ப வருமா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். அதே வண்டியின் சாதா பெட்ரோலைவிட ஓன்ரோடு 3 லட்சம் கூடுதல், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைப்போம். நகரத்தில் ஹைப்ரிட் 20, பெட்ரோல் 12 என்றால் கி.மீ.க்கு 3.37 ரூபாய் மிச்சம், சுமார் 89,000 கி.மீ.யில் காசு திரும்பும். ஹைவே மட்டும், 19-க்கு எதிராக 16 என்றால் 3 லட்சம் கி.மீ. ஓட வேண்டும்.

வேளச்சேரிவாசி:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஷோரூமில் டிஸ்ப்ளேயைக் காட்டி "60 சதவீதம் ஈவி ஓட்டம்" என்றார்கள், அப்படியென்றால் பெட்ரோல் 40 சதவீதம்தானா? இரண்டாவது, நீண்ட சிக்னலில் நியூட்ரலில் போட்டால் மிச்சமாகுமா? கொடைக்கானல் போவதும் உண்டு, மலையில் எப்படி?

பட்டறைக்காரன்:

ஈவி சதவீதம் என்பது இன்ஜின் அணைந்திருந்த பங்கு. பெட்ரோல் மிச்சத்தின் அளவு அல்ல. இந்த வண்டிகளுக்கு பிளக் கிடையாது, அந்த 60 சதவீதத்துக்கான கரண்டும் பெரும்பாலும் டேங்கிலிருந்து வந்ததே. ஈவி பட்டனை அழுத்தி அழுத்திப் பேட்டரியைக் காலி செய்தால் பிறகு இன்ஜின் இரட்டை வேலை பார்த்து நிரப்பும். பட்டனைத் தொடாமல் விடுங்கள்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் 'என்'-இல் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். சிக்னலில் 'டி'-யில் பிரேக், ரொம்ப நேரம் என்றால் பார்க்கிங் 'P'.

மைலேஜ் திடீரென்று 2–3 குறைந்தால் பார்க்க வேண்டிய வரிசை: முதலில் டயர் காற்று, கதவோரம் ஸ்டிக்கரில் உள்ள அளவு, வண்டி ஓடுவதற்கு முன் குளிர்ந்த நிலையில். அடுத்தது பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை. வண்டிக்கு வண்டி இடம் மாறும், மேனுவலில் இருக்கும். அதன்மேல் பையோ போர்வையோ கிடந்தாலும், வலையில் தூசி அடைத்தாலும், பேட்டரி சூடாகி சார்ஜ் ஏறுவதைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். இன்ஜின் அடிக்கடி எழும்பும்.

மூன்றாவது பலர் கவனிக்காதது. ஹைப்ரிட்டில் பாதி வேலையை மோட்டார் பார்ப்பதால் பிரேக் பேடுக்கு வேலை குறைவு. காலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) நகரும் பின் காய்ந்து இறுகிப்போகும், பேட் டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். 10 கி.மீ. ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு வீல் அருகிலும் கையை நீட்டுங்கள், தொடாதீர்கள். ஒரு வீல் மட்டும் அனல் அடித்தால் அதுதான். பின்னைக் கழற்றித் துடைத்து பிரேக் கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். ஆயிலும் மேனுவலில் 0டபிள்யூ-16 (மெல்லிய ரகம்) என்றிருந்தால் அதுவே. "நம்ம ஊர் சூட்டுக்கு கெட்டியா ஊத்துங்க" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

முதல்_கட்ஆஃப்:

அளக்கும் முறையை யாரும் சொல்லவில்லையே. டிஸ்ப்ளே மைலேஜை நம்ப வேண்டாம், சில சதவீதம் கூட்டிக் காட்டுவது சகஜம். ஒரே பங்க், ஒரே நாசில். நாசில் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்துங்கள். 'ரவுண்டா 3000 போடுறேன் சார்' என்று இரண்டு முறை கூடுதலாக அமுக்கினால் ஒரு லிட்டருக்குமேல் ஏறும். 30 லிட்டர் நிரப்பும்போது ஒன்றரை லிட்டர் பிசகினால் 5 சதவீதப் பிழை. நாலு முறை நிரப்பி மொத்தமாக வகுத்தால் 1.25-க்கு வந்துவிடும். ஓடோமீட்டரையும் ஜிபிஎஸ்-ஸோடு 50 கி.மீ. ஒப்பிடுங்கள். 215/60 ஆர்17 டயர் 8 மி.மீ. பூவிலிருந்து (வரி ஆழம்) 2-க்குத் தேய்ந்தால் மட்டும் ஒன்றே முக்கால் சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

கணக்குப்பிள்ளையிடம் ஒரு விடுபடல்: இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6–7 சதவீதம் குறைகிறது. இ10-க்கு (10 சதவீதக் கலப்பு) வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த காரில் இழப்பு 1–2 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன், என் ஓஎம்ஆர் மதிப்பீட்டின் மேல்முனையை 20-லிருந்து 19 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் விஷயம். ஹைரைடர் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். இதில் பாதிபோலத்தான் ஏறி இறங்கும், 0.4 என்று வைப்போம். ஆளோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினாலே அவ்வளவு சக்தி வெளியே வரும். டயரிலும் மோட்டாரிலும் போவது போக 200 மீட்டரில் பேட்டரி நிரம்பிவிடும். கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு இறக்கமோ சுமார் 1,800 மீட்டர். நிரம்பிய பிறகு இன்ஜின் உறுமத் தொடங்கும். பயப்பட வேண்டாம், பெட்ரோல் ஊற்றாமல் இன்ஜினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பெருமாள்மலை தாண்டியதுமே 'B' என்று குறித்த பிரேக் மோடுக்கு மாற்றிவிடுங்கள். பார்க்கிங்குக்கான 'P'-யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏறும்போது 11–12 காட்டினால் அதுவும் இயல்பே. அந்த ஒரு டேங்கை மட்டும் உங்கள் மாதக் கணக்கில் தனியாக எழுதிவையுங்கள்.