பழைய ஓட்டு வீடு முழுக்கச் சாமான்: எங்கேயிருந்து கை வைக்க?

தக்கலைப்பக்கம் கேட்டது:
தக்கலைப் பக்கம் பழைய ஓட்டு வீடு. மூணு அறை, அடுக்களை, பின்னால சாய்ப்பு, மேல மச்சு. மச்சுல உருளி, வார்ப்புன்னு பெரிய பாத்திரங்கள், ஓலைப்பெட்டி. அலமாரியில பழைய தாள் கட்டு. சாய்ப்புல ஓடாத மிக்சி, பெயிண்ட் டப்பா, உடைஞ்ச நாற்காலி. எந்தக் கதவைத் திறந்தாலும் மலைச்சுப்போய் மூடிடுறேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். மாமி எதையும் வெளியே விடச் சம்மதிக்க மாட்டாங்க. எங்கே தொடங்க?

வேளிமலை:
மச்சை இப்போ தொடாதீங்க. தாள் கட்டும் வேண்டாம். ஒவ்வொண்ணையும் கையில எடுத்து 'வைக்கவா, விடவா'ன்னு முடிவு பண்றதுதான் ஆளைக் களைக்க வைக்குது. அதனால, முடிவு பண்ண வேண்டிய தேவையே இல்லாத சாமான் கிடக்கிற இடத்துல தொடங்குங்க. உங்க வீட்ல அது சாய்ப்பு. ஈரத்துல கட்டிபிடிச்ச சிமெண்ட், காஞ்சுபோன பெயிண்ட், கால் போன நாற்காலி... இதுக்கெல்லாம் யாரும் யோசிக்க வேண்டாம்.

கதவுப் பக்கம் நாலுக்கு நாலடி இடம் மட்டும் எடுத்துக்கோங்க. ரெண்டு சாக்கு: ஒண்ணு குப்பைக்கு, ஒண்ணு ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் எடுக்கிற கடை). கூடவே ஒரு அட்டைப்பெட்டி, வேற அறைக்குப் போகவேண்டிய சாமானுக்கு. ஒரு பொருளைத் தூக்கிட்டு உள்ளே வைக்கப் போனா அங்கே இன்னொரு வேலை கண்ல படும், அரை மணி நேரம் போயிடும். பெட்டியில போட்டு, கடைசியில ஒரே நடையா கொண்டு போங்க. 20 நிமிஷத்துக்கு அலாரம். மீதி நேரம் தூத்து வாரவும் சாக்கைக் கட்டவும்.

நிறைய பேர் தடுமாறுறது இங்கேதான்: முழுச் சாமானையும் முற்றத்துல இறக்கிப் போடுவாங்க, இருட்டும் அல்லது மழை வரும், எல்லாத்தையும் அள்ளி உள்ளேயே திணிப்பாங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக மாட்டாங்க. இன்னொண்ணு, ஆக்கர்காரர் எந்த நாள் வருவார்னு தெரிஞ்ச பிறகுதான் சாக்கை நிரப்பணும். திண்ணையில ஒரு வாரம் கிடந்த சாக்கை யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்க, பாதி திரும்ப உள்ளே வந்துடும்.

கைக்கு கனமான உறை போடுங்க, ஓடு, பலகையை முதல்ல கம்பால நகர்த்துங்க, தேள் இருக்கும். எலிப்புழுக்கை கிடந்தா உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து தெளிச்சு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய துணியால துடைச்சு எடுங்க. மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

பெயிண்ட் இன்னும் இளகி இருந்தா ஓடையில ஊத்தாதீங்க. மணலோ மரத்தூளோ கலந்து திறந்து வெச்சு, இறுகின பிறகு குப்பைக்குக் கொடுங்க.

நாஞ்சில் அடுக்களை:
மாமி விஷயத்துக்கு வாரேன் தங்கச்சி. "இதைத் தூரப் போடவா?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "இதை யாருக்குக் கொடுக்கலாம் மாமி?" என்று கேளுங்கள். கொடுக்கிற ஆளை அவங்களே சொல்லட்டும், அவங்க கையாலேயே போகட்டும். அவங்க பெட்டியை அவங்க இல்லாத நேரத்தில் திறக்கவே திறக்காதீங்க. ஒரு பொருள் தெரியாமல் போனால், அதற்குப் பிறகு காலி டப்பாவைக்கூட விடமாட்டாங்க.

அடுக்களையில் முதலில் மூடிகள். எல்லா டப்பாவையும் மூடியையும் தரையில் பரப்பி ஜோடி சேருங்கள். ஜோடி இல்லாதது போகட்டும். சாப்பாட்டு வாடை போகாத பிளாஸ்டிக்கும் அதோடு. விசேஷத்துக்கென்று பெரிய அண்டாக்களை வைத்திருக்க வேண்டாம், தேவைப்படும்போது வாடகைக்கே எடுக்கலாம், இடம் மிச்சம்.

உருளியும் வார்ப்பும் ஆக்கர் சாக்கில் போய்விடக் கூடாது. பித்தளை செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும், விலை கூடுதல். தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். விற்பதானால் பாத்திரக்கடையில் தனியாக எடை போட்டு, இரண்டு இடத்தில் விலை கேட்டுக் கொடுங்கள். சமைக்க வைத்துக்கொள்ளும் பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கணும், இல்லாவிட்டால் புளிக்குழம்பு ஆகாது.

குளச்சல் கடற்கரை:
காலம் பார்த்துத் தொடங்குங்கள். நம்ம குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஆனியில் பெட்டியில் அடைத்த துணி ஓணத்துக்குள் பூசணம் பிடித்துவிடும். சாய்ப்பும் அடுக்களையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். துணி, மெத்தை, தாள், மச்சு இவற்றைத் தை, மாசி, பங்குனி வெயிலுக்கு ஒதுக்குங்கள். புதுப் பிளாஸ்டிக் பெட்டிகளை முதலிலேயே வாங்கி அடுக்க வேண்டாம். கழித்த பிறகு பாதிக்கு மேல் தேவைப்படாது.

நாப்தலீன் உருண்டையைக் கைக்குழந்தை துணியோடு வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

தக்கலைப்பக்கம்:
நன்றி, நாளைக்கே சாய்ப்புக் கதவுப் பக்கம் தொடங்குறேன். ஒரே ஒரு சந்தேகம். தாள் கட்டுல பாதி மலையாளத்துல இருக்கு, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. கொடுத்திரலாமா?

குளச்சல் கடற்கரை:
கொடுக்கவே கூடாது. நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து இங்கே சேர்ந்தது. அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பாகப்பத்திரம், ஒத்தி எழுத்து, தீர்வை ரசீது பலவும் மலையாளத்தில்தான் இருக்கும். வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போனால் வக்கீல் பழைய தொடர்ச்சி கேட்பார். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் காட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டில் என்ன பத்திரம், எந்த வருடம், எந்த நிலம் என்று எழுதி வையுங்கள்.

வாசிக்க உட்காராமல் பிரித்தால் கட்டு சீக்கிரம் இறங்கும். முத்திரைத்தாள், அரசு முத்திரை, கையெழுத்து உள்ளது எல்லாம் ஒரு பக்கம். பழைய கரண்ட் பில், கல்யாண அழைப்பிதழ், பத்திரிகை மறுபக்கம். ஆதார், பான் நகல்களைக் கிழித்த பிறகே ஆக்கருக்கு.

ரப்பர் பேண்டு இளகித் தாளில் ஒட்டும். கடல் காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளரும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். இரண்டையும் கழற்றி, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, தரையில் படாமல் இரும்புப் பெட்டியில் வையுங்கள். அசல் பத்திரத்துக்கு லேமினேஷன் வேண்டாம், பிறகு அந்தத் தாளைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

வேளிமலை:
அந்தப் பெட்டியைச் சுவரிலருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல வைங்க. பழைய மண்சுவர்ல ஒட்டி இருந்தா கறையான் ஏறினது வெளியே தெரியாது.