7 மீட்டர் தெருவில் மூன்று வேகத்தடை போட்டால் போதுமா?

குறுக்குத்தெரு:
வணக்கம். 400 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், வளைவே இல்லாத குடியிருப்புத் தெரு. நடுவில் ஒரு பள்ளி. பக்கத்துப் பெரிய சாலையில் நெரிசல் என்றால் வண்டிகள் இதற்குள் புகுந்து பறக்கின்றன. மூன்று இடத்தில் வேகத்தடை போடலாம் என்று பேச்சு. ரப்பர் துண்டை போல்ட் போட்டு இறுக்குவதா, தாரில் போடுவதா? எவ்வளவு உயரம்? பள்ளி முன்னால் ஆட்கள் கடக்க வரிக்கோடு அடித்தால் போதாதா?

ஸ்டாப்வாட்ச்:
முதலில் வேகத்தை அளந்துவிடுங்கள், செலவில்லாத வேலை. 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்ததைத் தொட்டதும் நிறுத்துங்கள். 108ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 3.6 விநாடி என்றால் 30, 2.7 என்றால் 40. முன்னால் வேறு வண்டி மறிக்காமல் வருபவற்றில் 100 எடுத்து, வேக வரிசையில் எழுதி, மெதுவான பக்கத்திலிருந்து 85ஆவதைப் பாருங்கள். சராசரியை நம்ப வேண்டாம், நாலு மாட்டுவண்டி வேகக்காரர்கள் அதை இழுத்துவிடுவார்கள். அளப்பவர் கொஞ்சம் மறைவாக நிற்கட்டும். கையில் நோட்டோடு ஆள் நின்றால் எல்லோருமே நல்ல பிள்ளை.

அந்த 85ஆவது வண்டியின் வேகத்துக்கு இலக்கு மணிக்கு 30 கி.மீ. ஒரு விநாடி சுதாரிக்கப் போனாலும், காய்ந்த சாலையில் 30இல் வரும் வண்டி சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வருபவர் அந்த 13 மீட்டரில் பிரேக்கில் காலே வைத்திருக்க மாட்டார்.

மட்டப்பலகை:
ரப்பர் வேண்டாம். கனரக வண்டி ஏறி ஏறி போல்ட் தளர்ந்து, துண்டு பெயர்ந்துபோய், போல்ட் தலை மட்டும் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். இருசக்கர வண்டிக்கு அதுவே எமன்.

ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக மேடு கட்டும் வழக்கமும் தப்பு. மெதுவாகப் போனால்தான் அது குலுக்கும். வேகமாகப் போனால் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ளும். வேகத்தடைக்கு நீளம்தான் முக்கியம்: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர், நடுவில் 10 செ.மீ. உயரம், வில் போன்ற வளைவு. இதில் வேகம் கூடக் கூடத்தான் தூக்கிப்போடும்.

தார் கொட்டும் ஆட்கள் கண் மதிப்பில் போட்டுவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது. பலகையில் வளைவை வெட்டிக் கையில் கொடுங்கள். விளிம்பிலிருந்து 46 செ.மீ. தள்ளி 4.4 செ.மீ. உயரம், 92 செ.மீ.யில் 7.5, 139 செ.மீ.யில் 9.4, நடுவில் 10. இது ரோலர் ஓடி முடிந்த பிறகு இருக்க வேண்டிய உயரம். முழு அகலத்துக்கும் ஏறக்குறைய 1.7 கன மீட்டர், அதாவது நான்கு டன் கலவை பிடிக்கும். இரு விளிம்பிலும் பழைய தாரை இரண்டு மூன்று செ.மீ. ஆழம் வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டுதார் தெளித்த பிறகே கலவை. வெட்டாமல் மேலே பூசினால் ஓரம் பொரிந்து உதிரும்.

மூன்று போதாது. 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று வேண்டும். இடைவெளி நீண்டால் நடுவில் முறுக்கிக்கொண்டு போவார்கள். முதல் தடை தெரு முனையிலிருந்து 40 மீட்டருக்குள், வண்டி வேகம் எடுக்கும் முன்பே. பெயிண்ட்டும் எச்சரிக்கைப் பலகையும் தடை போட்ட அன்றே வர வேண்டும், இரவில் தெரியாத தடை பள்ளத்தைவிட மோசம்.

குறுக்குத்தெரு:
நன்றி. மழைத்தண்ணீர் தேங்குமே? பள்ளி விஷயமும் யாராவது சொல்லுங்கள்.

வடிகால்:
சாதாரணத் தடையை ஓரத்தில் 15–20 செ.மீ. முன்பே முடித்துவிட்டால் தண்ணீர் ஓடிவிடும். அதற்கு மேல் இடம் விட்டால் இருசக்கர வண்டிகள் அதில் நுழைந்து, நடப்பவர் மேலேயே உரசும்.

பள்ளி முன்னால் வெறும் வரிக்கோடு வேகத்தைக் குறைக்காது. அங்கே மேடான கடவையே, அதாவது ஆட்கள் கடக்கும் இடத்தையே மேடாக்கிப் போடுங்கள்: 10 செ.மீ. உயரம், மேல்தளம் குறைந்தது 3 மீட்டர், இருபுறமும் ஒரு மீட்டருக்குக் குறையாத சரிவு. இது நடைபாதையோடு சமமாகச் சேர்வதால் ஓரத்தில் தண்ணீருக்கு வழி அடைபடும். குழாய் புதைத்தால் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்யும் கம்பிமூடி போட்ட வாய்க்கால் நல்லது. இன்னொன்று, தளம் சமமாகிவிட்டால் பார்வையற்றவருக்கு நடைபாதை எங்கே முடிகிறது என்று தெரியாது. புள்ளி புடைத்த ஓடு இரண்டு ஓரத்திலும் 60 செ.மீ. அகலத்துக்குக் கட்டாயம்.

கடவைக்கு முன் 6 மீட்டர் வண்டி நிறுத்த இடம் தராதீர்கள். வேன் நின்றால் அதன் பின்னாலிருந்து வரும் ஒரு மீட்டர் உயரக் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படவே படாது. பலகை வைத்தால் மதிக்க மாட்டார்கள். அந்த இடத்தில் நடைபாதையை இருபுறமும் ஒரு மீட்டர் முன்னுக்குக் கொண்டுவந்தால், கடக்கும் தூரமும் 7 மீட்டரிலிருந்து 5 ஆகும்.

கான்கிரீட் ஊற்றும் முன் கோடு அடித்து, வளையும் கம்பங்களை நட்டு, குப்பை லாரியையும் தீயணைப்பு வண்டியையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் எங்கே ஏறுகிறதோ அங்கே விளிம்புக்கல் நிற்காது.

ஸ்டாப்வாட்ச்:
வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே 30 மீட்டரில் திரும்ப அளங்கள். தடைமேல் அளக்காதீர்கள், இரண்டு தடைக்கு நடுவில் அளக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் போகும் வண்டிகளையும் முன்னும் பின்னும் எண்ணி வையுங்கள். இங்கே மறித்தது அங்கே புகுந்திருக்கும்.