தாத்தாவின் ஷோரூம் பலகை: துருவை என்ன செய்வது?

கேள்வி: என் தாத்தா 1960-களில் திருச்சியில் ஸ்டாண்டர்டு கார் விற்பனையாளராக இருந்தார். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்மூடியை (பானெட்) மட்கார்டுகளோடு சேர்த்து அப்படியே முன்பக்கமாகத் தூக்கிக் காட்டியே பாதிப்பேரை வாங்க வைத்துவிடுவாராம்! அவர் நினைவாக இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஷோரூமின் எனாமல் பலகையும் அவர் கையெழுத்துள்ள ரசீதுப் புத்தகமும் என்னிடம் இருக்கின்றன. பலகையின் ஆணித் துளைகளைச் சுற்றித் துரு. புதிதாகப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில் 1: வேண்டாம் தம்பி. எனாமல் என்பது இரும்பில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும். சோப்பு நீரில் மென்மையாகத் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெழுகு பூசுங்கள். ரசீதுகளை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

பதில் 2: காரையும் கவனியுங்கள். ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் (சேஸிஸ்). உடல் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. சட்டகத்தின் பக்கவாட்டுத் தாங்கிகள் துருவால் அரித்திருந்தால் கதவுகள் சரியாக மூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. இடது கதவு மூடாத காரணம் இப்போதுதான் விளங்குகிறது. துருவோடேயே பலகையை மாட்டுகிறேன். அந்த ஆணிகளை அடித்தது தாத்தாதான்.